மஞ்சள் ஓட்டுக்குள் சிவப்பு வண்டி

அத்தியாயம் 17

பெட்டி கட்டும்போது பத்மாவதி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சாமிப் படங்களை எதில் சுற்றுவது, மிக்சியைக் கொண்டுபோவதா விட்டுவிடுவதா, எல்லாவற்றையும் தானே முடிவெடுத்தாள். வளைகுடா வாழ்க்கையை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போகப் பத்து நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை, புட்டுக் குழலைத் தட்டில் கவிழ்த்தபடி, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. தம்பியின்ர காரில ஒருக்கா இருந்திட்டு வருவமே?"

ஆனந்தராசா தேநீரைக் கீழே வைத்தார்.

"வெயில் கடுமை, பத்மா."

"வெயிலுக்கென்ன? காருக்குள்ள தானே இருக்கப்போறன்."

சமையலறை வாசலில் நின்ற பிரஷாந்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் புட்டைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

தம்பி என்று அவர்கள் கூப்பிட்ட மகன் துஷாந்தன் இறந்து ஒன்பது மாதம். ஸ்வைஹான் ரோட்டில், மணல் வீசிய ஒரு காலையில், வேலைத்தளத்துக்குப் போன பிக்கப் கவிழ்ந்தது. அவனுக்கு இருபத்தாறு வயது. அவனுடைய சொந்தக் கார் அன்று முசஃபாவில் ஒரு பட்டறையில் நின்றது. பழைய ஜப்பான் வண்டி. இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், நல்ல சிவப்பு. அது இன்னும் அங்கேயே நிற்கிறது என்றுதான் பத்மாவதி நினைத்திருந்தாள்.

அவளுக்குத் தெரியாதது இது. துஷாந்தன் சனிக்கிழமைதோறும் அந்தப் பட்டறைக்குப் போய், ஒன்பது வயதில் சுவரில் ஒட்டிய படத்தில் இருந்த இத்தாலியப் பந்தயக் காரின் மேற்கூட்டைக் கண்ணாடி நாரில் வார்த்துக்கொண்டிருந்தான். கூடு தயாரானதும் சிவப்பு வண்டியின் மேல்தகட்டைக் கழற்றி, நடுவில் வெட்டி நீட்டி, அதன்மேல் மாட்டவேண்டும். மாட்டுவதற்குள் அவன் போய்விட்டான். கூடு சுவரில் சாய்ந்து கிடந்தது. சிவப்பு வண்டி முழுசாக நின்றது.

ஐந்து மாதத்துக்கு முன் ஆனந்தராசா மகனின் மேசையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு முசஃபாவுக்குப் போனார். கூட்டைப் பார்த்தார்.

"முடியுங்கோ," என்றார் மெக்கானிக் கார்மேகத்திடம். "அவன்ர ஆசை."

"சார், செவப்பு வண்டிய வெட்டணும். வெட்டுனா பழையபடி ஆகாது."

"வெட்டுங்கோ."

அவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருந்தவர். முப்பத்தொரு வருடம் அசலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நகலை மட்டும் வெளியே கொடுத்த மனிதர். அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னார் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை.

வீட்டில் பிரஷாந்திக்கு மட்டும் தெரியும்.

*

பிரஷாந்திதான் காரை ஓட்டினாள். பத்மாவதி முன்னால் இருந்தாள். மடியில் தண்ணீர்ப் போத்தலும் புதுத் துடைதுணியும் வைத்திருந்தாள்.

"துணி என்னத்துக்கு?" என்றார் ஆனந்தராசா பின்னாலிருந்து.

"தூசி பிடிச்சிருக்கும். ஆம்பிளையள் மேலால தட்டுவினம். மூலைமுடக்கு ஆர் பாக்கிறது?"

பாலத்துக்கு முன் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தார். பாலம் வந்தது. கீழே தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. பாலம் போய்விட்டது.

"அந்தக் காரில தொட்டில்ல கிடக்கிறமாதிரிக் காலை நீட்டித்தான் இருக்கவேணும்," என்றாள் பத்மாவதி. "பின்னால எஞ்சின் கத்துற கத்தில அவன் சொல்லுறது ஒண்டும் கேளாது. நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு வருவன். ஒருநாள் இறங்கேக்க, 'அம்மா, இந்த மாசத்திலயிருந்து நீங்கள் கறிக்கு உப்பைக் குறைக்கிறன் எண்டு சத்தியம் பண்ணிட்டீங்கள்' எண்டான்."

பிரஷாந்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒண்டும் சொல்ல இல்லையா?"

"சிக்னலைப் பாத்து ஓடு, பிள்ளை."

பெட்ரோல் நிலையத்தில் பத்மாவதி முகம் கழுவப் போனாள். பிரஷாந்தி திரும்பினாள்.

"அப்பா, ப்ளீஸ். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான்தான் வெட்டச் சொன்னது. நான் சொல்லுறன்."

"எப்ப? அம்மா பார்த்த பிறகா?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பத்மாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஏறினாள்.

"என்ன, அப்பாவும் மகளும் சண்டையே? நல்லது. வீடு வீடு மாதிரி இருக்கு."

*

முசஃபாவில் அந்த வரிசை முழுவதும் பட்டறைகள். ஒன்றில் சுத்தியல், அடுத்ததில் பெயிண்ட், அதற்கடுத்ததில் டயர். கார்மேகத்தின் பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ரெசின் பசையின் வாடை ரோட்டுவரை வந்தது.

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரன். நாற்பத்தைந்து வயது, கைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். பத்மாவதியைக் கண்டதும் குனிந்து ஷட்டரை முழுக்கத் தூக்கினான்.

"அம்மாவையும் கூட்டியாந்தீங்களா சார்! வாங்கம்மா, வாங்க. சோலைமுத்து, அந்தப் படுதாவ எடு. தம்பியோட வண்டிய அம்மா பாக்கணும்ல."

"கார்மேகம், கொஞ்சம் பொறுங்கோ," என்றார் ஆனந்தராசா.

பெயிண்டர் சோலைமுத்து அதற்குள் இழுத்துவிட்டான்.

மஞ்சள். எலுமிச்சைப் பழத்தின் மஞ்சள். முழங்கால் உயரத்தில் மூக்கு, பக்கவாட்டில் கீறிய வாய்கள், தரையைத் தொட்டுவிடும் வயிறு. ட்யூப் லைட் அதன் முதுகில் நீளமாக ஓடியது.

பத்மாவதி ரசித்துப் பார்த்தாள்.

"நல்ல வடிவா இருக்கு. இது ஆற்ற?"

"தம்பியோடதும்மா."

"இல்லை, அவன்ர கார் சிவப்பு." எட்டிப் பட்டறையின் பின்பக்கம் பார்த்தாள். "அங்கால விட்டிருக்கோ?"

கார்மேகம் ஆனந்தராசாவைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கையிலிருந்த உப்புத்தாளை மடித்தான். பிறகு பிரித்தான்.

"பத்மா," என்றார் ஆனந்தராசா. "சிவப்பு இதுக்குள்ளதான் இருக்கு."

"இதுக்குள்ளயோ?"

பத்மாவதி குனிந்தாள். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மஞ்சள் வண்டியின் அடியில் பார்த்தாள். அங்கே இன்னொரு கார் நிற்கும் என்பதுபோல. நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

கார்மேகம் மெதுவாகச் சொன்னான். "மேல் தகடெல்லாம் எடுத்தாச்சும்மா. இது நீளமான வண்டி, அது குட்டை. அதனால நடுவுல வெட்டி மூணு இஞ்ச் சேத்து வெல்டு வச்சிருக்கு. அடித்தளம், எஞ்சின், ஸ்டீரிங், பெடல், எல்லாம் அதே வண்டிதாம்மா. ஒரு குறையும் இல்ல."

"ஆர் வெட்டச் சொன்னது?" என்றாள் பத்மாவதி. "தம்பியோ?"

பக்கத்துப் பட்டறைச் சுத்தியல் நின்றது.

ஓம் என்றால் போதும். இறந்தவன் மறுக்கமாட்டான். கார்மேகமும் வாய் திறக்கமாட்டான். பிரஷாந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று ஆனந்தராசாவுக்குத் தெரிந்தது.

"நான்," என்றார்.

பத்மாவதி துடைதுணியை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து ஸிப்பை மூடினாள்.

"இது ரோட்டில ஓடுமோ?"

"டெஸ்ட்டுல பாஸிங் குடுக்க மாட்டாங்கம்மா," என்றான் கார்மேகம். "வெட்டுன வண்டிக்கு நம்பர் கெடைக்காது. பட்டறைக்குள்ள ஓட்டிக்கலாம்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஓடின காரை வெட்டி, ஓடாத கார் செய்தனீங்கள்."

*

பத்மாவதி ஒரு எட்டுப் பின்னால் போனாள். கை சுவரைத் தேடியது.

"அம்மாவுக்கு உக்கார எதாவது போடு," என்றான் கார்மேகம். அவனே ஓடிப்போய், டீ குடிக்கும் மூலையிலிருந்து பட்டறையின் ஒரே நல்ல நாற்காலியை இழுத்துவந்தான். பலகைக் கட்டையில் திருகி நிறுத்திய பழைய கார் சீட். எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நன்றாகத் துடைத்தான்.

"உக்காருங்கம்மா. மெத்துன்னு இருக்கும்."

பத்மாவதி உட்கார்ந்தாள். பிரஷாந்தி தண்ணீரைத் திறந்து கொடுத்தாள். குடித்தாள். இடது கை சீட்டின் விளிம்பில் கிடந்தது. விரல் எதிலோ தடுக்கியது. திரும்பத் தடவியது.

அவள் குனிந்து பார்த்தாள். நகத்தால் அழுக்கைச் சுரண்டினாள்.

பச்சை நூல்.

பெல்ட் கொக்கி இழுத்துக் கிழித்த இடம் அது. வீட்டில் கறுப்பு நூல் முடிந்திருந்த நாள். கார் நிறுத்துமிடத்தில், திறந்த கதவுப் பக்கம் குந்தியிருந்து, சட்டைத் துணிக்கு வாங்கிய பச்சை நூலில் பதினொரு தையல் போட்டிருந்தாள். "அம்மா, சீட்டில மிளகாய்க் கண்டு முளைச்சிருக்கு" என்று அவன் ஒரு கிழமை பகிடி பண்ணினான்.

"இது தம்பியின்ர சீட்," என்றாள்.

கார்மேகம் துண்டைத் திரும்பத் தோளில் போட்டான். "ஆமாம்மா. ஓட்டுறவங்க சீட்டு. புது வண்டியில கூரை ரொம்பத் தாழ்வு, பழைய சீட்டு ஒசரம். தலை இடிக்கும். அதான் கழட்டிட்டோம். நல்ல சீட்டு, தூக்கிப்போட மனசு வரல."

"ஆர் இதில இருக்கிறது?"

"எல்லாருந்தாம்மா. டீ குடிக்கிறப்ப, சாப்பிடுறப்ப." அவன் நிறுத்தியிருக்கலாம். மரியாதைக்காகச் சொன்னான். "சார் வந்தா சாருக்குத்தான். வேற எதையும் போடமாட்டோம். சனிக்கிழமை சனிக்கிழமை இதுலதான் உக்காந்திருப்பாரு."

ஆனந்தராசா தன் வலது கையைப் பார்த்தார். ஐந்து மாதச் சனிக்கிழமைகள். வேலை நடக்கும்போது பார்த்துக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு, அந்த விளிம்பை விரல்களால் நோண்டிக்கொண்டு. ஒருநாள் நூல் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். அறுந்து வந்தது. உருட்டிக் கீழே போட்டார்.

பத்மாவதி தையல்களை எண்ணினாள். பத்து இருந்தது.

"இதைத் திரும்பப் பூட்டித் தாங்கோ," என்றாள்.

"அம்மா, தலை…"

"தம்பிக்கு இடிக்கும். அவன் ஆறடி. எனக்கு இடியாது. பூட்டுங்கோ."

*

கார்மேகமும் சோலைமுத்தும் புதுச் சீட்டைக் கழற்றினார்கள். பழையதைக் கட்டையிலிருந்து பிரித்து உள்ளே இறக்கினார்கள். நாலு போல்ட்டில் இரண்டுதான் ஓட்டைக்குப் பொருந்தியது.

"கதவு மேல போகும்மா, பயந்துராதீங்க," என்றான் சோலைமுத்து. கதவு ரெக்கைபோல உயர்ந்தது. பத்மாவதி சேலையை ஒதுக்கிக் குனிந்து நுழைந்தாள். அவள் உச்சந்தலைக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு விரல் இடம் இருந்தது.

அவள் ஸ்டீரிங்கைத் தொட்டாள். பழையதுதான். இடப்பக்கம் அவன் கை வைத்து வைத்து வழுக்கையாகியிருந்தது. கைப்பையைத் திறந்து துணியை எடுத்தாள். துடைக்க ஆரம்பித்தாள். மீட்டர்க் கண்ணாடி, கியர்க் கம்பின் அடி, மூலைமுடக்கு.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ," என்றாள்.

கார்மேகம் சங்கடப்பட்டான். "சத்தம் மட்டும் இன்னும் மாத்தலம்மா. சைலன்சர் அடுத்த வாரந்தான் வருது. இப்ப பழைய சத்தந்தான் வரும்."

"வெளிய சிங்கம், தொண்டை மட்டும் பழைய டாக்ஸி," என்றான் சோலைமுத்து. யாரும் சிரிக்காததைக் கண்டு பின்னால் நகர்ந்துகொண்டான்.

பிரஷாந்தி கதவை இறக்கிவிட்டு, திறந்த ஜன்னல் வழியாகக் கையை நுழைத்துச் சாவியைத் திருப்பினாள்.

இரண்டு இருமல். ஒரு திணறல். பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டு, தையல் மெஷின்போலத் தடதடவென்று ஓடியது.

நாலாம் மாடி வீட்டில், ஆறு வருடமாக, மாலை ஆறரைக்குக் கீழேயிருந்து ஏறிவந்த சத்தம். அது கேட்டதும் பத்மாவதி டிவியைக் குறைப்பாள். காலால் செருப்பைத் துழாவுவாள். லிப்ட் மேலே வருவதற்குள் பால் அடுப்பில் இருக்கும்.

இப்போதும் அவள் கால் துழாவியது. உடம்பு சீட்டிலிருந்து அரைவாசி எழுந்தது. தலை கூரையில் இடித்தது.

"வந்திட்டான்," என்றாள்.

பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து மெல்ல உட்கார்ந்தாள். ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்தாள். ஒன்பது மாதத்தில் அவள் வாய்விட்டு அழுது ஆனந்தராசா பார்த்ததில்லை. எஞ்சின் சத்தத்தில் அழுகை வெளியே கேட்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

அவர் ஓரடி முன்னால் வைத்தார். பிரஷாந்தி தலையசைத்தாள். வேண்டாம்.

*

கார்மேகம் அவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனான். கையில் ஒட்டிய அழுக்கைக் கழுவினான்.

"சார், ஒண்ணு சொல்லணும். திட்டுனாலும் பரவால்ல."

"சொல்லுங்கோ."

"தம்பி வெட்ட வேணாம்னுட்டாரு."

ஆனந்தராசா அவனைப் பார்த்தார்.

"கடைசியா வந்த சனிக்கிழமை. 'கார்மேகண்ணே, கூட்ட ஓரமா வச்சிருங்க. செவப்பு வண்டிய வெட்டாதீங்க, அது வேறொரு ஆளுக்கு வேணும்'னாரு. அந்த ஆளு லைசென்சுக்குப் படிக்கிறாங்களாம். லைசென்ஸ் கையில வந்ததும் சாவி அவங்களுக்குத்தான், வாக்குக் குடுத்துட்டேன்னாரு."

"ஆர் அந்த ஆள்?"

"கேக்கல சார். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. கேட்டா வெக்கப்படுவாருன்னு விட்டுட்டேன்."

"இதை ஏன் எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை?"

"எப்புடி சார்? சாவியோட வந்து நின்னீங்க. 'அவன்ர ஆசை'ன்னீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எவன் சொல்லுவான்? அப்புறம் வெட்டியாச்சு. வெட்டுனப்புறம் சொல்லி யாருக்கு என்ன?" குழாயை மூடினான். "இன்னிக்கி அம்மா கேட்டாங்க. நீங்க தம்பி மேல போட்டிருக்கலாம். போடல. அதுக்கப்புறம் எனக்கு அடக்க முடியல சார்."

ஆனந்தராசாவுக்கு முதலில் பிரஷாந்தி நினைவு வந்தது. ஆனால் அவள் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடமாகிறது.

மகனின் ஆசை என்று ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். மகனுடைய ஆசை வேறாக இருந்திருக்கிறது. அதை அவர் நடுவில் வெட்டி, மூன்று அங்குலம் சேர்த்து, மஞ்சள் பூசிவிட்டார். எங்கோ ஒருவர், இந்த நகரத்தில், வராத ஒரு சாவிக்காக இன்னும் காத்திருக்கிறாரோ என்னவோ.

"இஞ்சாருங்கோ."

பத்மாவதியின் குரல். எஞ்சினுக்கு மேலாகக் கத்திக் கூப்பிட்டாள். அவர் ஓடினார்.

அவள் முகத்தைத் துடைத்திருந்தாள். துணியைச் சுற்றிய விரல் சீட்டின் மடிப்புக்குள் புகுந்து தூசி எடுத்துக்கொண்டிருந்தது. மற்றக் கையை அவர் முன் நீட்டினாள்.

உள்ளங்கையில் ஒரு ஊசி. தலையில் வெள்ளை முத்து வைத்தது. முக்காட்டைக் கன்னத்தோரம் ஒதுக்கிக் குத்துகிற சின்ன ஊசி.

"மடிப்புக்குள்ள கிடந்தது," என்றாள். "பக்கத்துச் சீட்டில இல்லை. ஓட்டுற சீட்டில. இது ஆற்ற?"

ஆனந்தராசா கார்மேகத்தைத் திரும்பிப் பார்த்தார். கார்மேகம் உதட்டைப் பிதுக்கினான்.

பத்மாவதி மகளைப் பார்த்தாள்.

"பிள்ளை, உனக்குத் தெரியுமோ?"

பிரஷாந்தி ஜன்னல் வழியாகக் கையை நுழைத்தாள். ஊசியை எடுக்கத்தான் போகிறாள் என்று ஆனந்தராசா நினைத்தார்.

அவள் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றது.